வரலாறு கேள்வி–பதில்: நாய்க்கு நட்ட கல்லில் ஒரு சோழனின் சாவு

தக்கோலப் போருக்குக் காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்று பக்கம் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதித் தந்துவிட்டார். என்ன எதிர்பார்க்கிறார்?
(பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி, விழுப்புரம்)

சான்றைத்தான். சோழரும் இராட்டிரகூடரும் மோதிய தக்கோலத்தில், சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் இறந்தான் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. யார் கையால் என்பதில்தான் சிக்கல்.

கர்நாடகத்தில் மாண்டியா பக்கம் ஆதகூர் என்றொரு ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒரு வேட்டைநாய்க்கு எடுத்தது. காளி என்று அதற்குப் பெயர். மணலேரன் என்ற வீரன் தன் தலைவனும் இராட்டிரகூடர் பக்கம் நின்றவனுமான கங்க மன்னன் பூதுகனிடம் அதைக் கேட்டு வாங்கினான். காட்டுப்பன்றியோடு மோதி நாயும் செத்தது, பன்றியும் செத்தது. அந்தக் கல்லில்தான் பூதுகன் தக்கோலத்தில் இராசாதித்தனைக் கொன்றதும், அதற்காக இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் அவனுக்குப் பனவாசி முதலான நாடுகளைக் கொடுத்ததும் வருகின்றன. பூதுகனின் ஆளே வெட்டுவித்த கல். பெருமை யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோழர் பக்கம் ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்ததற்காகச் சுமார் அரை நூற்றாண்டு கழித்து எழுதியது. அதில் பூதுகன் பேச்சே இல்லை. கிருஷ்ணனின் அம்பு தைத்து, யானை மேல் இருந்தபடியே இராசாதித்தன் வானுலகம் போகிறான். தமிழ்க் கல்வெட்டுகளில் அவன் 'ஆனைமேல் துஞ்சிய' தேவன். 'கொல்லப்பட்ட' என்று எழுதாமல், உறங்கிய என்று பொருள்படும் 'துஞ்சிய' என்று எழுதியதைக் கவனியுங்கள். தோற்றவர்கள் தேர்ந்தெடுத்த சொல் அது.

விளைவுக்கு வருவோம். கிருஷ்ணன் 'கச்சியும் (காஞ்சிபுரம்) தஞ்சையும் கொண்ட' என்று பட்டம் போட்டுக்கொள்கிறான். அதை நம்புவதற்கு முன் வரைபடத்தை எடுத்து, அவன் பெயரில் கல்வெட்டு உள்ள ஊர்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். தொண்டை மண்டலத்திலும் நடுநாட்டிலும் புள்ளிகள் நிறைய விழும். காவிரிக் கரையில் அப்படி விழாது. ஆக, கச்சிப் பக்கம் நிலைத்து ஆண்டான், தஞ்சை வரை படை போயிருக்கலாம் என்ற அளவில்தான் எழுத முடியும்.

ஆண்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆதகூர்க் கல்லில் சக ஆண்டு 872. அதை ஆங்கில ஆண்டாக்க வழக்கம்போல் 78 கூட்டினால் 950. ஆனால் கல்லில் சௌமிய வருடம் என்றும் இருக்கிறது, அது 949–50. முடிந்த ஆண்டை எண்ணாமல் நடப்பு ஆண்டை எண்ணியிருக்கிறார்கள், அதனால் 77தான் கூட்ட வேண்டும். 60 வருடப் பெயர் இருந்தால் அதைக் கொண்டு சரிபார்க்காமல் ஆண்டு போடாதீர்கள்.

உத்திரமேரூர் குடவோலையை 'மக்களாட்சித் தேர்தல்' என்று எழுதினால் ஏன் மதிப்பெண் குறைக்கிறார்கள்?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், செங்கல்பட்டு)

யாரும் வாக்களிக்கவில்லை என்பதால். ஊரின் 30 குடும்புகளிலும் (வார்டு போன்ற பிரிவுகள்) தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது குலுக்கல். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்று தகுதி வைத்த பிராமணர் ஊர்ச் சபை அது. வேளாண் ஊர்களின் 'ஊர்' அவைக்கு அதே விதியைப் பொருத்தக் கூடாது.

சட்ட வரலாறாகப் படித்தால் இன்னும் ருசியாக இருக்கும். 919இல் ஒரு விதி, 921இல் திருத்தம். வயது வரம்பு 30–60 என்பது 35–70 ஆகிறது. வாரியத்தில் (சபையின் செயற்குழு) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் போக முடியாது. ஒரு சட்டம் யாரை விலக்குகிறது என்று பார்த்தால், அதற்கு முன் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்கலாம். ஊகம் என்று சொல்லிவிட்டே எழுதுங்கள். விதி இருந்தது என்பதற்குக் கல் சாட்சி, விதிப்படி நடந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

எங்கள் ஊர் வரலாற்றை எம்.ஏ. ஆய்வேடாக எடுத்திருக்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
(முதுகலை மாணவர், மதுரை)

முதலில் ஊர் எந்தெந்தக் காலத்தில் எந்தத் தாலுகாவில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் போனால் இரண்டு நாள் தவறான தொகுதியைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரே பெயரில் பக்கத்துத் தாலுகாவிலும் ஓர் ஊர் இருக்கும், ஜாக்கிரதை.

வருவாய்க் கணக்கெல்லாம் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, தாது வருடப் பஞ்சம் வந்த ஆண்டு. அதை வெறுமனே '1876' என்று எழுதினால் பஞ்சத்துக்கு முந்தைய விளைச்சலோடு கலந்துவிடும். 1871 மக்கள்தொகையை 1881உடன் ஒப்பிடுபவர்களும் நடுவில் பஞ்சம் வந்ததை மறந்துவிட்டு 'வளர்ச்சி குறைந்தது' என்று எழுதிவிடுகிறார்கள்.

'புறம்போக்கு' என்று இருந்தால் சும்மா கிடந்த நிலம் என்று நினைக்காதீர்கள். வரி விதிக்காத நிலம், அவ்வளவே. மேய்ச்சல், களம், சுடுகாடு, குளக்கரை எல்லாம் அதற்குள்தான். வேலி, காணி, குழி என்ற அளவுகளை அந்த வட்டாரத்துக் கோலளவு தெரியாமல் ஏக்கராக மாற்ற வேண்டாம். மூலத்தில் உள்ளபடியே போடுங்கள்.

பென்சில் கொண்டு போங்கள். துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் குறிப்பின் தலையில் முதலிலேயே எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட குறிப்பை அடிக்குறிப்பில் போட முடியாது.

தமிழ்வழியில் படித்தால் வரலாற்று ஆய்வு கைகூடுமா?
(பிளஸ் டூ மாணவரின் தந்தை, அரியலூர்)

கைகூடும். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் ஆங்கிலத்தில், அதுவும் கையெழுத்தில் இருக்கும். தினம் ஒரு பக்கம் படித்துப் பழகினால் போதும். சோழர் காலம் எடுத்தால், வடமொழிப் பகுதிகளை எழுதிய கிரந்த எழுத்து கட்டாயம். தமிழில் சரளமாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, கல்வெட்டில் 'துஞ்சிய' என்ற சொல் ஏன் வந்தது என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.