சுங்க நீதிபதி ஜெனிவீவ் கிளைன்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: யார் இவர்?
பதில்: 1877இல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்தவர். பெண்கள் சங்கங்களில் பேர் வாங்கி, நாற்பதைத் தாண்டி, 1921இல் சட்டம் முடித்தார். அடுத்த வருடமே கிளீவ்லேண்ட் துறைமுகத்தில் சரக்கு மதிப்பீட்டாளர். 1928இல் ஜனாதிபதி கூலிட்ஜ், இறக்குமதி வரி வழக்குகளைக் கேட்கும் சுங்க நீதிமன்றத்துக்கு நியமித்தபோது, நீதிபதியாக அனுபவம் இல்லையே என்று எதிர்த்தார்கள். சரக்குக்கு விலை மதித்த அனுபவத்தைவிட அந்த நாற்காலிக்கு வேறென்ன வேண்டும்? 1953 வரை இருந்தார். ஒன்று, 1928க்குப் பிறகு இவர் நீதிபதி, சுங்க அதிகாரி இல்லை. குழப்பாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவின் முதல் பெண் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி ஃப்ளாரன்ஸ் ஆலன்தானே?
பதில்: ஆலன் வந்தது 1934இல். ஆனால் கிளைன் காலத்துச் சுங்க நீதிமன்றம், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தன் அதிகாரத்தில் அமைத்தது. அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அந்தஸ்து, அதாவது நீதித்துறையின் முழு அங்கம் என்ற தகுதி, அதற்கு 1956இல்தான் கிடைத்தது. அந்த அந்தஸ்தோடு பார்த்தால் ஆலன், இல்லையென்றால் கிளைன்.

கேள்வி: வரிப் பட்டியல் இருக்கும்போது நீதிபதி எதற்கு?
பதில்: வரும் பொருள் பட்டியலில் எந்த வகையில் சேரும் என்பதுதானே சண்டையே! 1926இல் சிற்பி பிரான்குஷியின் வெண்கலப் பறவை நியூயார்க்கில் வந்து இறங்கியது. தலையும் இல்லை, இறகும் இல்லை. சிற்பம் என்றால் வரி கிடையாது, சுங்கத்துறையோ சமையலறை, மருத்துவமனைச் சாமான் கணக்கில் சேர்த்து 40 சதவீதம் போட்டது. சிற்பம் என்றால் இயற்கையில் உள்ளதைப் போலச் செய்திருக்க வேண்டும் என்று பழைய தீர்ப்பும் இருந்தது. 1928 நவம்பரில் நீதிமன்றம், புதிய கலை பிறந்திருக்கிறது, இது சிற்பம்தான் என்றது.

கேள்வி: கிளைன் தீர்ப்பா?
பதில்: இல்லை, எழுதியவர் அதே நீதிமன்றத்தின் நீதிபதி வெய்ட்.

கேள்வி: தப்பான தீர்ப்பு. நாளைக்கு நான் குழாய்த் துண்டைக் கொண்டுவந்து கலை என்பேன்!
பதில்: சிற்பிதான் செய்தார், அசல்தான், வேறு உபயோகம் இல்லை என்று நிரூபியுங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி: பளபளப்பாக இருந்தால் கலையா?
பதில்: பளபளப்புக்காக விடவில்லை. இது கலைதான் என்று சாட்சிகள் வந்து அடித்துச் சொன்னார்கள், நீதிபதிகளும் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். சுங்கத்துறை வேறு, நீதிமன்றம் வேறு என்று சும்மாவா சொல்கிறேன்?

கேள்வி: ஆலன்தான் முதல் என்று படித்தேனே?
பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: என் பார்சலுக்கு வரி போட்டுவிட்டார்கள், கிளைனிடம் போக முடியுமா?
பதில்: அவர் 1959இல் இறந்துவிட்டார். கஸ்டம்ஸ் புரோக்கரைப் பிடியுங்கள்.