மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாட்களில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

வெயில் நாலு நாள் காணாமல் போனால் போதும். வெளிச்சம் விற்பவர்களும் வறட்சி விற்பவர்களும் கடை விரித்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் கடைகளைப் பற்றியவைதான்.

கேள்வி: தொடர்ந்து மழை. காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. நாள் முழுக்க ஒரே மந்தம். கைக்கு அடக்கமான அளவில் ‘10,000 லக்ஸ் சூரிய ஒளி விளக்கு’ என்று ஒன்று பார்த்தேன். வாங்கினால் பலன் இருக்குமா?

இந்த விளக்கு வெறும் ஏமாற்று வேலை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் குறையும் பருவத்தில் ஆண்டுதோறும் சிலரைப் பிடித்துக்கொள்ளும் மனச்சோர்வை நார்மன் ரோசந்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984-ல் விவரித்தார்கள். பிரகாசமான வெளிச்சத்தையே சிகிச்சையாகக் கொடுக்கும் முறையும் அப்போதே சேர்ந்து வந்தது. காலையில் எழுந்ததும் 10,000 லக்ஸ் வெளிச்சத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்வது, அல்லது 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார்வது, இதுதான் வழக்கமான கணக்கு. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் பகல் நன்றாகச் சுருங்கிவிடும் இடங்களில் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களை வைத்து நடந்தவை. பத்து நாள் மழையில் வரும் சோம்பலுக்கும் அதற்கும் நிறைய தூரம்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். ‘10,000 லக்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று போட்டிருக்கிறதா? லக்ஸ் என்பது விளக்கிலிருந்து எவ்வளவு வெளிச்சம் புறப்படுகிறது என்ற அளவு இல்லை. நாம் இருக்கும் இடத்தில் எவ்வளவு வந்து விழுகிறது என்ற அளவு. சிறிய விளக்காக இருந்தால் தூரம் இரண்டு மடங்கானதும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். 15 சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் தரும் குட்டி விளக்கை மேசையில் 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் உங்கள் கண்ணுக்கு வருவது ஏறக்குறைய 1,400 லக்ஸ்தான். மூக்கு இடிக்கிற தூரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் யார் உட்காரப்போகிறார்கள்? வாங்குவதென்றே முடிவெடுத்தால் 40 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் 10,000 லக்ஸ் என்று எழுதிக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். அது கட்டாயம் பெரிய பலகையாகத்தான் இருக்கும், பையில் போட்டுக்கொள்ள முடியாது. புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டது என்றும் இருக்க வேண்டும். நீல வெளிச்சம்தான் வேண்டும் என்பதில்லை, வெள்ளை போதும். ‘முழு நிறமாலை’ என்ற வார்த்தைக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளக்கூடிய வார்த்தை அது.

விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்கள் (டாக்சிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் அந்த வகை) மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். மனச்சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டி, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் நீங்கள் போக வேண்டிய இடம் விளக்குக் கடை இல்லை, மருத்துவர்.

வாங்குவதற்கு முன்னால் காசில்லாத ஒரு சோதனை செய்து பாருங்கள். சில கைபேசிகளில் லக்ஸ் காட்டும் செயலி வேலை செய்யும். துல்லியம் சுமார்தான், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். விளக்கு போட்ட அறையின் நடுவில் நின்று பாருங்கள், 100, 200, மிஞ்சினால் 300 காட்டும். அப்படியே வாசலுக்கு வந்து குடைக்கு வெளியே கையை நீட்டிப் பாருங்கள். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தாலும் எண் ஆயிரக்கணக்கில் ஏறும், சில நேரம் பத்தாயிரத்தையும் தொடும். நம் கண் எதற்கும் பழகிக்கொள்ளும் என்பதால் ‘இருட்டாத்தான் இருக்கு’ என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். காலையில் மழை விடும் நேரம் பார்த்து அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் அப்படிச் செய்தும் மந்தம் போகவில்லை என்றால் விளக்கை யோசிக்கலாம். அப்போதும் திருப்பிக் கொடுக்க இரண்டு வாரமாவது அவகாசம் தரும் கடையில் வாங்குங்கள். முதல் நாளே தெரிந்துவிடும் பலன் இல்லை இது.

கேள்வி: அதற்குப் பதில் அறையில் இருக்கும் பல்பைக் கழற்றிவிட்டு அதிக வாட் எல்இடி போட்டால் ஆகாதா?

சிகிச்சை அளவுக்கு ஆகாது, ஆனால் வீடு மங்கலாக இல்லாமல் இருக்கும். வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள், அது மின்சாரம் எவ்வளவு தின்னும் என்பதைத்தான் சொல்லும். வெளிச்சத்துக்கு லூமென் பாருங்கள். நிறங்கள் செத்துப்போய்த் தெரியாமலிருக்க நிறக்காட்டு எண் (பெட்டியில் CRI என்று இருக்கும்) 90-க்கு மேல் உள்ளதாக எடுங்கள். பகலில் வேலை செய்யும் மேசைக்குக் குளிர் வெள்ளை, இரவு உட்காரும் இடத்துக்கு மஞ்சள் கலந்தது. ராத்திரி பத்து மணிக்குப் பளீரென்று எரியவிட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று எனக்கு எழுதக் கூடாது.

கேள்வி: வெயிலே இல்லாததால் வைட்டமின் டி குறைந்துவிடும் என்று மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள். அந்த வெளிச்ச விளக்கே போதாதா?

போதாது. இது பலருக்கும் இருக்கும் குழப்பம். தோலில் வைட்டமின் டி உண்டாக யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். நல்ல விளக்கு அந்தக் கதிரைத்தான் தடுத்து வைத்திருக்கிறது. மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்வதும் இதற்கு உதவாது, கண்ணாடி யுவிபியை உள்ளே விடாது.

அதற்காகப் பதறவும் வேண்டாம். இந்த வைட்டமின் உடலில் சேர்ந்து இருக்கும். சில வாரம் மேகம் மூடியதால் மட்டும் கஜானா காலியாகிவிடாது. வருஷம் முழுக்க அறைக்குள்ளேயே இருப்பவர், முதியவர், எலும்பு வலி உள்ளவர் என்றால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவர் சொல்வதை வாங்குங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தினசரித் தேவை 600 அலகு (டப்பாவில் IU என்று இருக்கும்). மைக்ரோகிராமில் எழுதினால் 15. சில டப்பாவில் அலகு, சில டப்பாவில் மைக்ரோகிராம் என்று இருக்கும். 1 மைக்ரோகிராம் என்பது 40 அலகு. இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டு டப்பாக்களை ஒப்பிட்டால் எது மலிவு என்றே தெரியாது. 60,000 அலகு என்று போட்ட மாத்திரை வாரம் ஒருமுறை என்று எழுதிக் கொடுப்பது. அதை ‘சத்து மாத்திரைதானே’ என்று தினமும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. உடலில் தங்கிவிடும் வைட்டமின் இது. மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: துணி காயவே மாட்டேன் என்கிறது. காய்ந்தாலும் ஒரு மக்கல் வாடை. பீரோவுக்குள் பூஞ்சணம். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கலாம் என்றால் குட்டியிலிருந்து பெரியது வரை இருக்கிறது. எது எடுக்க?

என் சொந்த அசட்டுத்தனத்தைச் சொல்லித்தான் இதற்குப் பதில் தொடங்க வேண்டும். தண்ணீர் ஜக் அளவில் அழகாக, சத்தமில்லாமல் ஓடும் ஒன்றை வாங்கினேன். இரவு துணிக்கொடிக்குக் கீழே ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு விரற்கடை தண்ணீர். சட்டைக் காலர் அப்படியே சில்லென்று ஈரமாக இருந்தது. பிறகுதான் பெட்டியின் அடியில் இருந்ததைப் படித்தேன்: ஒரு நாளைக்கு 300 மில்லி. அதுவும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில். ஒருமுறை துவைத்த துணிகளில், பிழிந்த பிறகும், இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். ஒரு கொடித் துணி காய ஒரு வாரம் ஆகும் கணக்கு.

உள்ளே பெல்டியர் தகடு என்று ஒரு சிறிய குளிர்த் தகடும் மின்விசிறியும் மட்டும் இருக்கும் ரகம் அது. பீரோவுக்குள் வைக்கலாம், அறைக்கு உதவாது. அறைக்கு வேண்டியது கம்ப்ரசர் உள்ள ரகம். 15 டிகிரிக்குக் கீழே போகும் குளிரான இடமென்றால் கம்ப்ரசரில் பனி கட்டிக்கொண்டு திணறும். அங்கே ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகன்ட் ரகம் நல்லது, மின்சாரம் மட்டும் கூட இழுக்கும். எதுவானாலும் ‘12 லிட்டர்’, ‘20 லிட்டர்’ என்று பெரிதாக இருப்பதை நம்பாதீர்கள். எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில் என்று சிறிய எழுத்தில் இருக்கும் வரியைத் தேடுங்கள். அறை குளிர்ந்தால் அந்த லிட்டர் பாதியாகவும் சரியும். தொட்டி நிறைந்தால் தானே நிற்கிறதா, குழாய் செருகி வெளியே விட வழி இருக்கிறதா என்பதையும் கடையிலேயே கேளுங்கள். தினம் இரண்டு முறை தொட்டியைக் கவிழ்க்க முதல் வாரம்தான் உற்சாகமிருக்கும்.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லமாட்டார். இந்த இயந்திரம் ஓடும் அறை சூடாகும். அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக அங்கேயேதான் தங்குகிறது. குளிரும் இடத்தில் அது வரம், புழுங்கும் இடத்தில் தொல்லை. ஏற்கெனவே ஏசி இருந்தால் முதலில் ‘டிரை’ முறையில் ஓட்டிப் பாருங்கள். அது சூட்டை வெளியே தள்ளிவிடும். பல வீடுகளில் புது இயந்திரமே தேவைப்படாது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்குங்கள். 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம், 50-க்குள் இருந்தால் அடங்கியிருக்கும். நனைந்த பொருளில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் ‘மழை விடட்டும்’ என்று துணியைக் குவித்து வைக்காதீர்கள்.

மக்கல் வாடைக்கு வாசனைத் திரவம் வாங்குவது வீண். ஈரத்திலேயே நேரம் போகும் துணியில் பெருகும் நுண்ணுயிரிகள்தான் காரணம். மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற ஒன்றை இதில் முக்கியக் குற்றவாளியாக 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். ஒருமுறை காய்ந்தாலும் சாகாமல் காத்திருக்கும் ஜாதி. துணி தாங்குமென்றால் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, சீக்கிரம் காயவைப்பதுதான் மருந்து. துவைத்து முடிந்ததும் இயந்திரத்தில் பிழிவதை மட்டும் இன்னொரு சுற்று ஓட்டுங்கள். சுழற்றித் தண்ணீரை எடுக்க ஆகும் மின்சாரம், சூடேற்றி எடுக்க ஆவதைவிட மிகமிகக் குறைவு. கொடியில் துணிக்கும் துணிக்கும் ஒரு கை அகலம் விட்டு, மின்விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள். டிரையரே வாங்குகிற யோசனை இருந்தால் ஹீட் பம்ப் ரகம் பாருங்கள். விலை கூட, நேரமும் கூட எடுக்கும். மின்சாரம் சாதாரண கண்டென்சர் ரகத்தில் பாதியளவுதான்.

கேள்வி: கேமராவும் தோல் பையும் வைத்திருக்கும் அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா வைக்கலாமா?

டப்பாவின் பின்னால் கால்சியம் குளோரைடு என்று இருந்தால் தோல் பைக்குப் பக்கத்தில் வேண்டாம். அது ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகத் தொட்டியில் சேர்க்கும். கவிழ்ந்தால் தோலும் உலோகமும் போச்சு. கேமராவுக்குச் சிலிக்கா ஜெல், அதுவும் காற்றுப் புகாத பெட்டிக்குள். திறந்த அலமாரியில் வைத்தால் ஊர் ஈரத்தையெல்லாம் அது குடித்துத் தீர்க்கப் பார்க்கும், முடியாது. நிறம் மாறும் மணி வேண்டுமென்றால் நீலம் வேண்டாம், ஆரஞ்சு எடுங்கள். நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்ட மழைக்கோட்டு, ஆனால் தோள்பட்டையில் நனைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா? துணி நீர்ப்புகாததாக இருக்கலாம், ஊசி போட்ட ஓட்டை அப்படி இல்லையே. தையல் ஒட்டப்பட்டது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தால் பில்லோடு போய்க் கேளுங்கள், நியாயம் உங்கள் பக்கம்.

கேள்வி: மின்சாரம் அடிக்கடி போகிறது. சோலார் பவர் பேங்க் கைகொடுக்குமா?

கணக்குப் போடுவோம். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. மூடியில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு தகடு சுள்ளென்ற வெயிலில் 1.5 வாட் கொடுத்தால், நிரம்ப 49 மணி நேர வெயில் வேண்டும். மேகத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் கிட்டத்தட்ட 250 மணி நேரம். மழைக்காலத்துக்காக வாங்கும் பொருள் மழைக்காலத்தில்தான் வேலை செய்யாது! தகடு இல்லாத சாதாரண பவர் பேங்கை வாங்கி, மின்சாரம் இருக்கும்போது ஏற்றி வையுங்கள்.

கேள்வி: உப்புப் பாறை விளக்கு எதிர்மின் அயனிகளை வெளியிட்டு மனதை லேசாக்கும் என்கிறார்களே?

சொல்லும்படியாக எதையும் அது வெளியிடாது. அந்த மங்கலான வெளிச்சம் பிடித்திருந்தால் அழகுக்காக வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் மழை நாளில் உப்பு ஈரத்தை இழுத்து வியர்க்கும், அணைத்து வைத்தால் இன்னும் அதிகமாக. அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள், மேசை தப்பிக்கும்.