இணைய அரசியல் விளையாட்டில் குடிமக்கள் தங்கள் மற்ற நாடுகளையும் வெளிப்படுத்த வேண்டும் என்று விதியைத் திருத்தலாமா?

திருத்தலாம். நேஷன்ஸ்டேட்ஸ் விளையாட்டில் ஒவ்வொருவரும் கற்பனை நாடு ஒன்றை நடத்துகிறோம், பல நாடுகள் கூடியது பிரதேசம், பிரதேசம் தன் உறுப்பினருக்குத் தருவது குடியுரிமை. ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருக்கும் வடிவில் வேண்டாம். 'குடிமக்கள் எல்லோரும் பழைய, புதிய நாடுகள் அனைத்தையும் பொதுவில் பட்டியலிட வேண்டும், தவறினால் குடியுரிமை ரத்து' என்கிறீர்கள். உங்கள் பிரதேசத்தில் வேறு பிரதேசத்து உளவாளி யாரோ பிடிபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை கோபமான திருத்தம் வராது.

நானும் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்திலிருந்து நேஷன்ஸ்டேட்ஸ் விளையாடுகிறவன். மேக்ஸ் பேரி 2002இல் தொடங்கிய இந்த விளையாட்டில் ஒருவர் எத்தனை நாடுகளும் வைத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்குள் ஐ.நா. போல இருக்கும் உலக அவையில் மட்டும் ஒரே நாடுதான். பிரதேசத்தின் பிரதிநிதியை அந்த அவை உறுப்பினர்களின் ஆதரவு தீர்மானிக்கிறது. ஆனால் பிரதேசங்கள் தாமே எழுதிக்கொள்ளும் அரசியல் சாசனத்தையும் தேர்தலையும் அந்தந்தப் பிரதேசத்தவர்தான் காத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் இரண்டு பெயரில் வாக்களிக்கலாம். எதிரிப் பிரதேசத்து ஆள் இங்கே அமைச்சராகலாம். ஆகவே விவரம் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. எதைக் கேட்கிறோம், யாரிடம் கொடுத்து வைக்கிறோம் என்பதில்தான் பிடிவாதம்.

எங்கள் பிரதேசத்திலும் இதே திருத்தம் வந்தது. எதிர்த்துப் பேசினேன், நிறைவேறிவிட்டது. ஒரு வாரக் கெடு, அதுவும் ஜூலையில். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூரில் பிடித்துக்கொண்டால் மரம் சாயும், மின்சாரம் போகும், செல்போன் கோபுரமும் அடங்கிவிடும். சேரம்பாடி நண்பர் ஒருவர் அப்படித்தான் கெடுவைத் தவறவிட்டார். எங்கள் தேர்தல் சட்டத்தில் பாதி அவர் எழுதியது. மழை விட்டு உள்ளே வந்து பார்த்தால் அவர் வெளியாள். அதே வாரத்தில் படிவத்தை முதல் ஆளாக நிரப்பிக் கொடுத்தவர், வேறொரு பிரதேசத்துக்காக வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. பொய் சொல்லத் துணிந்து வருகிறவனை ஒரு படிவமா தடுக்கும்?

இது ஏன் எனக்கு இவ்வளவு சுடுகிறது என்றால், எங்கள் குடும்பம் இலங்கை மலையகத்தின் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்த மண்ணில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததற்கு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்று இருந்திருக்கும்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, அப்படி நாடற்றுப்போன இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே தேயிலை பறிக்க வந்தார். விளையாட்டை இதோடு ஒப்பிடுகிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவனிடம் பின்தேதியிட்டு ஆதாரம் கேட்கும் சட்டம் எங்கே வந்தாலும் என்னால் வாய் மூடி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, அப்பா பிறந்த இடம் என்ற கட்டத்தில் தலவாக்கலை என்று உள்ளபடி எழுதினோம். அதற்காகவே அந்த அலுவலகம் எங்களை மாதக்கணக்கில் அலைய வைத்தது. இங்கேயே பிறந்ததாக எழுதிய குடும்பத்துக்கு உடனே கிடைத்தது. உண்மையைச் சொன்னவனை ஏன் வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்று இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

உங்கள் திருத்தத்துக்கு வருகிறேன். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு மட்டும் பொருந்தும்படி எழுதுங்கள். அவருடைய உலக அவை நாடு, வேறு பிரதேசங்களில் வகிக்கும் பதவி, உங்களிடமே வேறு பெயரில் இருந்திருந்தால் அந்தப் பெயர், இவை போதும். தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு மூன்று பேர் மட்டும் அதைப் பார்க்கட்டும். தேர்தலில் நிற்பவருடையதை எல்லோரும் பார்க்கலாம். பொய் என்று சந்தேகம் வந்தால் அவரை அழைத்துக் கேட்ட பிறகே தண்டனை. பழைய குடிமக்களிடம் கேட்டே தீர வேண்டும் என்றால், பதில் வரும்வரை வாக்குரிமையை நிறுத்தி வையுங்கள், வந்த அன்றே திருப்பிக் கொடுங்கள். 'ரத்து' என்ற சொல்லை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுங்கள்.