மூடுபயிர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செம்பனை மறுநடவுக்கு முக்குனா மட்டும் போதாதா? எதற்கு மூன்று நான்கு விதை? (நிபோங் திபால்)

மரங்களுக்கு இடையே மண்ணை மூட வளர்க்கும் பயறுவகைக் கொடிதான் மூடுபயிர். அதில் முக்குனா வேகமாக மூடும், களையை அமுக்கும், மறுக்கவில்லை. ஆனால் விதை விலை அதிகம். நம் தாழ்நிலத்தில் அது பெரும்பாலும் காய்த்து விதை தருவதில்லை. பல கொடிகளின் விதைக் கலவையில் கலப்பகோனியம் முதலில் தரையை மூடிவிட்டு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மடிந்துவிடும். அதற்குள் புவேரேரியா படர்ந்திருக்கும். மட்டைகள் விரிந்து நிழல் விழுந்த பிறகும் தாக்குப்பிடிப்பது செண்ட்ரோசீமா. அழுகும் பழைய தண்டுகளைக் கொடி மூடிவிட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட இடம் தேடித் திண்டாடும். எதைப் போட்டாலும் கன்றைச் சுற்றிக் கொடி அண்டாதபடி வட்டமாக வெட்டி வையுங்கள்.

விதை முளைக்கவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (சுங்கை பாக்காப்)

ஊறவைத்தீர்களா? அதை எழுதவே இல்லையே. தோல் கெட்டியான விதை இது. இரண்டு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்து ஊற்றி, ஓர் இரவு விடுங்கள். அப்புறமும் முளைக்காவிட்டால் கடைக்காரரிடம் போகலாம்.

டுரியான் சரிவில் மூடுபயிர் போட்டால் காடு மாதிரி ஆகிறது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். மருந்தடித்துச் சுத்தமாக வைப்பதுதானே நல்லது? (பாலிக் புலாவ்)

இந்தச் 'சுத்தம்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். ரப்பர் வந்த புதிதில் வெள்ளைக்காரத் துரைகளும் புல் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றுதான் நின்றார்கள். நம் பாட்டன் பாட்டிமார் முதுகொடியக் களை எடுத்தார்கள். மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. பிறகுதான் துரைமார் கொடிக்கு மாறினார்கள். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மொட்டைச் சரிவில் அது என்ன செய்யும் என்று சொல்லவும் வேண்டுமா? கொடி மழைத்துளியின் அடியைத் தாங்கும், வேர் மண்ணைப் பிடிக்கும், உதிர்ந்த இலை மட்கித் தண்ணீரை உள்ளே இறக்கும். நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு 60 கிலோ தழைச்சத்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020-இல் தடையானது. உடனே இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட்டை வாங்கி அதே மொட்டையடி! பழம் பொறுக்கச் சிரமம் என்றால் பழக்காலத்துக்கு முன் மரத்தடியையும் நடைபாதையையும் மட்டும் இயந்திரத்தால் வெட்டுங்கள். விழும் பழத்தைத் தாங்க வலை கட்டினால் அந்தக் கவலையும் இல்லை. கொடியை மட்டும் மரத்தில் ஏறவிடாதீர்கள். வட்டம், வட்டம்.

என் நிலத்துக்கு எந்தக் கலவை நல்லது? (ஊர் எழுதவில்லை)

எத்தனை ஏக்கர், சரிவா சமமா, என்ன மரம், எத்தனை வயது? ஜாதகம் இல்லாமல் பலன் கேட்கிறீர்கள். மறுபடி எழுதுங்கள்.

மூடுபயிர் போட்டால் உரச் செலவு மிச்சமா? (பட்டர்வொர்த்)

தழைச்சத்தில் கொஞ்சம் குறைக்கலாம். பொட்டாஷ் வாங்கத்தான் வேண்டும். கொடிக்கே ஆரம்பத்தில் பாறை பாஸ்பேட் போடாவிட்டால் அது நோஞ்சானாகத்தான் நிற்கும்.