குளிர்மலைக்கு ஷார்ட்ஸா, நீளச் சிலுவாரா? கேட்டவர்களுக்குப் பதில்

கேமரன்மலை, கினபாலு, நியூசிலாந்து என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்புகிறீர்கள், கேள்வி மட்டும் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருக்கிறது: குளிரில் ஏறும்போது காலுக்கு என்ன போடுவது? வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நான் பினாங்குக்காரி, அதனால் பேச்சு அடிக்கடி கொடிமலைப் பக்கம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம் தம்பி: அக்கா, கொடிமலைக்கு எப்போதும் ஷார்ட்ஸில்தான் ஏறுவேன். அடுத்த மாதம் கூட்டாளிகளோடு கேமரனில் ஈராவ் மலை ஏறப் போகிறோம். அங்கேயும் அதுவே போதுமா? நடக்க ஆரம்பித்தால் எனக்குக் குளிரே தெரியாது.

நடக்கும்போது யாருக்கும் தெரியாது தம்பி, ஏமாறுவதே அங்கேதான். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன, ஏற்றத்தில் அவை சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அதனால் 15 பாகையில்கூட முழங்காலுக்குக் கீழே வெறும் காலாக நடக்கலாம். ஆனால் உச்சிக்குப் போய், படம் எடுத்து, பின்னால் வருகிறவனுக்காகக் காத்து நிற்கிறாய் பார், அந்த அரை மணி நேரத்துக்குத்தான் உடுப்பு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். கொடிமலை 833 மீட்டர், ஈராவ் 2,110. ஜார்ஜ்டவுனில் 30 பாகை அடிக்கிற பகலில் ஈராவ் உச்சியில் 17 பக்கம்தான் இருக்கும், அதுவும் மேகத்துக்குள், சட்டை முழுக்க வேர்வையோடு. இன்னொன்று, ஈராவில் குளிரைவிடப் பாதைதான் காலைப் பதம் பார்க்கும். பாசி படர்ந்த வேர்களுக்கு மேலே ஏறி, கீழே நுழைந்து, மழை பெய்திருந்தால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் போக வேண்டும். முட்டி தேயாமல் வர மெல்லிய, சீக்கிரம் காயும் நீளச் சிலுவார்தான் சரி. ஷார்ட்ஸைக் காடியிலேயே வை, இறங்கி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். வனத்துறை அனுமதி விஷயத்தையும் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

செந்தூல் வாசகர்: ஜீன்ஸ் கெட்டித் துணிதானே, குளிருக்கு நல்லதில்லையா?

வேண்டவே வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. ஈரத்துணி ஒட்டிக்கிடக்கும் கால் வெறும் காலைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். மலையில் நனைந்த ஜீன்ஸைவிட ஷார்ட்ஸ் எவ்வளவோ மேல், தோலாவது சீக்கிரம் காயும்.

கிள்ளான் அன்பர்: கினபாலு போகிறோம். இரண்டு நாளுக்கும் ஒரே சிலுவார் போதுமா?

போதாது, ஏனென்றால் அது இரண்டு வேறு மலைகள் மாதிரி. முதல் நாள் 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாயிலிலிருந்து பனலாபான் தங்குமிடம் வரை, அதாவது சுமார் 3,270 மீட்டர் வரை, பகல் வெளிச்சத்தில் படிப்படியாக ஏறுகிறீர்கள். பாதை தெளிவானது, முள் கிடையாது. இங்கே ஷார்ட்ஸ் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பிற்பகலில் மழை பிடிக்கும், ஆகவே பைக்குள் மழைச் சிலுவார் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டாம் நாள் கதையே வேறு. நடுநிசி தாண்டி இரண்டு, இரண்டரை மணிக்குக் கிளம்பி 4,095 மீட்டருக்குப் போகிறீர்கள், விடியற்காலையில் உச்சியில் குளிர் உறைநிலையை ஒட்டி நிற்கும், மரம் ஒன்றுகூட இல்லாத வெறும் பாறையில் காற்று அறையும். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் காற்றை நிறுத்துகிற சிலுவார், இந்த இரண்டும் வேண்டும். தடிமனான கம்பளித் துணிச் சிலுவார் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறைய, காற்று சல்லடைக்குள் புகுகிற மாதிரி அதற்குள் நுழைந்துவிடும். மெல்லிய இரண்டு அடுக்கு, தடித்த ஓர் அடுக்கைவிட நல்லது. முக்கியமானது, தெர்மலை முதல் நாள் நடக்கப் போடாதீர்கள். வேர்வையில் நனைத்துவிட்டால் இரவில் அது வெறும் ஈரத்துணி.

தைப்பிங் அண்ணன்: நீங்கள் எல்லாரையும் நீளச் சிலுவார் போடச் சொல்கிறீர்கள். ஷார்ட்ஸ் போட்டால் அட்டை ஏறுவது உடனே கண்ணில் படும், தட்டிவிடலாம். சிலுவாருக்குள் போய்விட்டால் வீட்டில்தான் தெரியும். என்ன சொல்கிறீர்கள்?

நல்ல வாதம் அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் வழுக்குகிற இறக்கத்தில் காலைப் பார்த்துக்கொண்டேவா நடப்பீர்கள்? நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைச் சிலுவாருக்கு வெளியே முழங்கால் வரை இழுத்துக் கட்டிவிட்டால் இரண்டு பக்க லாபமும் கிடைக்கும், அட்டை வெளியே ஏறும், வெளிர் நிறத் துணியில் தெரியவும் தெரியும். இழை தளர்ந்த சாதாரணக் காலுறையை நம்ப வேண்டாம், அதன் வழியாகவே கடிக்கும். கடித்துவிட்டால் நெருப்பு, உப்பு எதுவும் வேண்டாம், நகத்தை வாயோரம் கொடுத்து நகர்த்துங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, உறையாமலிருக்க அது எதையோ கலந்துவிட்டுத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம், நம் காட்டில் அட்டை மட்டுமா இருக்கிறது? பிரம்பு முள் வெறும் காலில் ஒரு தடவை இழுத்தால் போதும், லாலாங் புல் கத்தி மாதிரி கீறும். அகலமான ஜீப் பாதைக்கு ஷார்ட்ஸ், ஒற்றையடிக் காட்டுப்பாதைக்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாகைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்டர்வொர்த் தங்கை: லெக்கிங்ஸ் மட்டும் போட்டு ஏறலாமா அக்கா? அம்மா திட்டுகிறார்.

அம்மாவுக்கு ஒரு காரணம், எனக்கு வேறொரு காரணம். பிரம்பு முள்ளில் மாட்டினால் லெக்கிங்ஸ் நீளத்துக்குக் கிழியும், காற்றையும் தடுக்காது. மேலே ஒரு ஷார்ட்ஸ் போட்டுக்கொள், கிழியாமலும் இருக்கும், பாறையில் உட்காரவும் வசதி, அம்மாவும் வாயைத் திறக்க மாட்டார்.

சுபாங் வாசகர்: ஜூன் மாதம் நியூசிலாந்து போய் டொங்காரிரோ மலைப்பாதை நடக்க ஆசை. அங்கத்து ஆட்கள் குளிரிலும் ஷார்ட்ஸ் போட்டிருக்கிறார்களே, எப்படி?

பாதிப் பேர் உள்ளே தெர்மல் போட்டு மேலே ஷார்ட்ஸ் போடுகிறவர்கள். அங்கே பல பாதைகளில் ஓடையை இறங்கிக் கடக்க வேண்டும், நீளத் துணி நனைந்து கனக்கும், ஷார்ட்ஸ் சீக்கிரம் காயும். மீதிப் பேர் அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களைப் பார்த்து நாம் போடக் கூடாது. அதுவும் ஜூன் அங்கே குளிர்காலம். டொங்காரிரோ ஏறக்குறைய 20 கிலோமீட்டர், செந்நிற எரிமலை வாயருகே 1,886 மீட்டர் உயரம் வரை போகும், பனியும் உறைபனியும் கிடக்கும். பனியில் நடந்த பழக்கம் இல்லையென்றால் வழிகாட்டியோடு போங்கள், சிலுவார் கேள்வி அங்கே இரண்டாம்பட்சம். கோடையில் போவதாக இருந்தால் திரும்பக் கேளுங்கள், பதில் மாறும்.

புக்கிட் மெர்தாஜம் ஐயா: முட்டிக்கு மேலே ஜிப் வைத்துக் கழற்றுகிற சிலுவார் எப்படி?

கொடிமலைக்கு நல்லது ஐயா, கீழே புழுக்கம், மேலே காற்று. வாங்கும்போது முட்டியை மடக்கிப் பாருங்கள், ஜிப் தொடையில் உராய்ந்தால் இறக்கத்தில் தோல் சிவந்துவிடும். கணுக்காலிலும் ஜிப் இருந்தால்தான் சப்பாத்தைக் கழற்றாமல் கால் பகுதியை உருவ முடியும்.

ஜெலுத்தோங் வாசகி: இறங்கியதும் அப்படியே தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்போம், ஷார்ட்ஸில் தயங்குகிறது.

பையில் ஒரு கைலி வையுங்கள் அக்கா. கோயிலுக்கும் ஆகும், ஈரத்துணி மாற்ற மறைப்பாகவும் ஆகும், மேலே குளிர்ந்தால் தோளில் போர்த்திக்கொள்ளலாம்.

கெப்போங் தம்பி: பாசார் மாலாமில் 25 வெள்ளிக்கு வாங்கிய டிராக் சூட் போதுமா, இல்லை கடைக்குப் போய் நூறு இருநூறு செலவழிக்க வேண்டுமா?

லேபிளைப் பார். பாலியெஸ்டர் அல்லது நைலான் என்றிருந்தால் கேமரன் வரைக்கும் தாராளமாகப் போதும். பருத்தி என்றிருந்தால் தூங்கும்போது போட்டுக்கொள். மிச்சமாகும் காசில் நல்ல காலுறை இரண்டு ஜோடி வாங்கு.