கேள்வி – பதில்: உண்டியலும் கொலைப் பட்டியலும்

கே: கம்யூனிஸ்டுகளுக்குத் தப்பி அமெரிக்கா போன வியட்நாம் அகதிகளிடையே பத்திரிகையாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களாமே, உண்மையா?
— வாசகி, உவர்மலை

ப: உண்மைதான். 1981 முதல் 1990 வரை ஐந்து பேர்; நால்வர் சுடப்பட்டும் ஒருவர் தீயிலும் இறந்தார்கள். முதலாமவர் டுவோங் ட்ரோங் லாம், வயது 27, இடதுசாரிச் சாய்வுள்ள பத்திரிகை நடத்தியவர். 1981 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் சுடப்பட்டார். இடதுசாரி என்பதால் கொன்றார்கள் என்று அதோடு முடித்துவிடலாம். ஆனால் அடுத்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஹியூஸ்டனில் ‘து யோ’ (சுதந்திரம்) என்ற பத்திரிகையை நடத்திய நுயென் டாம் போங் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரானவர். அப்போது தென் வியட்நாம் கடற்படையின் முன்னாள் உயரதிகாரி ஹோவாங் கோ மின் தலைமையிலான ‘முன்னணி’, வியட்நாமை மீட்கப் படை திரட்டுகிறோம் என்று அகதிகளிடம் காசு சேர்த்தது. கடைகளிலும் உண்டியல் வைத்தார்கள். டாம் போங் தாய்லாந்துவரை போய்ப் பார்த்தார். வியட்நாமுக்குள்ளேயே முன்னணிக்குத் தளம் இருக்கிறது என்ற பேச்சு சரியில்லை என்று எழுதினார். 1982 ஓகஸ்ட் 24ஆம் திகதி காலை தன் வீட்டு முன்றலில் சுடப்பட்டார். உடலுக்குப் பக்கத்தில் ஒரு கடுதாசி கிடந்தது, அதில் வேறு பத்திரிகையாளர்களின் பெயர்களும் இருந்தன. அதை வாசிக்க வேண்டியவர்கள் உயிரோடிருந்த அந்த மற்றவர்கள்தான்.

1987 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் கார்டன் குரோவில் ‘மாய்’ சஞ்சிகை ஆசிரியர் ஃபாம் வான் தப், அலுவலகத்திலேயே படுத்திருந்தபோது கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டு இறந்தார். இந்தக் கொலைக்கு உரிமை கோரியவர்கள் குறையாகச் சொன்னது செய்தியை அல்ல, வியட்நாமுக்குப் பணம் அனுப்பும் கம்பனிகளின் விளம்பரத்தை. சின்னப் பத்திரிகையை விளம்பரப் பக்கத்தில் அடித்தால் போதும் என்பது மிரட்டுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு வர்ஜீனியாவில் ஒரே சஞ்சிகையைச் சேர்ந்த இருவர்: 1989இல் பக்க வடிவமைப்பாளர் நியான் ட்ரோங் டோ, 1990இல் பத்தி எழுத்தாளர் லே ட்ரியெட். ட்ரியெட்டோடு மனைவியும் கொல்லப்பட்டார்.

கே: எப்பிஐ இருக்கிற நாட்டில் ஏன் ஒருவரையும் தண்டிக்கவில்லை?
— வாசகர், திருக்கடலூர்

ப: கொலைகள் நடந்தது வெவ்வேறு மாநிலங்களில். ஒவ்வொரு ஊர்ப் பொலிஸும் தன்னுடைய கொலையைத் தனிக் கொலையாகவே முதலில் பார்த்தது. கொலைக்கு உரிமை கோரிய கடிதங்களும் கொல்லப்பட்டவர் எழுதியவையும் வியட்நாம் மொழியில் இருந்தன, அதை வாசிக்கத் தெரிந்த அதிகாரிகள் மிகக் குறைவு. தெரிந்த சனம் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த பட்டியலில் தன் பெயர் வரும் என்ற பயம். எப்பிஐ பின்னர் எல்லாவற்றையும் சேர்த்து விசாரித்து, 1990களின் இறுதியில் கோப்பை மூடியது. 2015இல் புரொபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனமும் புரொன்ட்லைன் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியும் மறுபடி தோண்டியபோது, ‘கே-9’ என்ற கொலைக் குழு இருந்ததாக முன்னணியின் பழைய உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். தலைவர்கள் மறுத்தார்கள்.

கே: எங்கள் புலம்பெயர்ந்தவர்கள் மத்தியில் இப்படி நடந்ததில்லையே?
— வாசகர், நிலாவெளி

ப: நடந்தது. 1994 மே 1ஆம் திகதி, பாரிஸில், தமிழ் எழுத்தாளரும் பதிப்பாளருமான சபாரட்ணம் சபாலிங்கம். அவருடைய வீட்டிலேயே சுட்டார்கள்.

கே: ஊர்ச் செய்திகளை முகநூல் பக்கத்தில் போடுகிறேன். மணல் ஏற்றுவது பற்றி எழுதிய பிறகு வட்ஸ்அப்பில் மிரட்டல், கதவடியில் ஒரு கடிதம். என்ன செய்ய?
— வாசகர், மூதூர்

ப: முதலில் கடிதம். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். உறையை எறிய வேண்டாம். தபாலில் வந்திருந்தால் முத்திரையும் திகதியும் அதில்தான் இருக்கும். பொலித்தீன் பையில் போட்டால் நம்மூர் ஈரத்துக்கு வியர்த்து மையும் ரேகையும் கெடும். பெரிய காகித உறையில் வையுங்கள், கண்டெடுத்த நேரத்தை அந்த உறையின் மேல் எழுதுங்கள், கடிதத்தில் எழுத வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும் என்று சிலர் லெமினேட் செய்கிறார்கள். அதோடு ரேகை போச்சு.

வட்ஸ்அப்பில் உடனே ‘பிளொக்’ பண்ணத் தோன்றும். அதற்கு முன், அனுப்பியவரின் இலக்கம் தெரிகிற பக்கத்தையும் செய்தியையும் ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். பெயர் மட்டும் தெரிகிற படம் உதவாது. பெயரை யாரும் எப்படியும் சேமிக்கலாம். உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து வேறொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அனுப்பியவர் தன் செய்தியை ‘எல்லோருக்கும்’ என்று அழித்தால் உங்கள் பக்கத்திலும் போய்விடும். குரல் அழைப்பு என்றால் நேரம், எத்தனை நிமிடம், சொன்ன வார்த்தைகள், பின்னால் கேட்ட சத்தம்: அன்றிரவே கொப்பியில் எழுதுங்கள். கிழமை கழிந்தால் வார்த்தை மாறிவிடும்.

பொலிஸில் முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைக்காதீர்கள். இதைவிட முக்கியம் ஒன்று: எந்தச் செய்தி, எந்தத் திகதி, அதற்கு எத்தனையாவது நாள் மிரட்டல் வந்தது என்பது வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ‘பக்கத்து வீட்டுத் தகராறு’ என்று பதிவாகி, நாளை ஏதும் நடந்தாலும் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மிரட்டியவர் அரச அதிகாரி அல்லது படையைச் சேர்ந்தவர் என்றால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அதில் கணக்கில் வராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. மிரட்டியவர் தனியாள் என்றால் இந்த வழி பொருந்தாது. பொலிஸும் நீதவான் நீதிமன்றமும்தான்.

நகலை வீட்டில் மட்டும் வைக்க வேண்டாம். ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று ஊருக்கு வெளியே ஒரு ஆசிரியரிடம். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள் கிட்டத்திலிருந்து சுடப்பட்டவர்கள் என்பதைக் காட்டியது ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டார்கள். அதற்குள் படங்கள் அச்சாகிவிட்டிருந்தன.