கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகிறது, உடம்பு ஏன் பின்தங்குகிறது?

கேள்வி: கோடை மாலைகளில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று இங்கே வெளிநாட்டில் ஒவ்வொரு மார்ச்சிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் எனக்கு ஒரு வாரம் தலை பாரமாக இருக்கிறது. முந்தின இரவு சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. ஒன்பது வயது மகனை எழுப்புவதோ பெரும்பாடு. காலையில் போடும் ரத்த அழுத்த மாத்திரையின் நேரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: தூக்கம் வராததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். மூளைக்குள் இருக்கும் உயிர்க்கடிகாரத்தின் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். அதனால் தள்ளிப் படுப்பது அதற்குச் சுலபம், முந்திப் படுப்பது கஷ்டம். சுவரில் மணி பத்து என்றாலும் உங்கள் உடம்புக்கு அப்போது ஒன்பதுதான்.

ஆகவே படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல், எழும் நேரத்தைப் பிடியுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் மாற்றம் வரும். அதற்கு முந்தின புதன்கிழமையிலிருந்தே தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகம் மூடிய காலை வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். உயிர்க்கடிகாரத்தை முன்னுக்கு இழுக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. மாலையில் இதற்கு நேர்மாறு: பொழுது தாமதமாகச் சாய்வதால் வீட்டு விளக்குகளைச் சீக்கிரமே மங்கலாக்கிவிடுங்கள், போனையும் தள்ளி வையுங்கள்.

மகனை இருட்டறையில் போர்வையை இழுத்து எழுப்பினால் அழுகைதான் மிஞ்சும். பத்து நிமிடம் முன்பே திரைச்சீலையை விலக்குங்கள். விடியாவிட்டால் எல்லா விளக்கையும் போடுங்கள். தானாகவே புரண்டு படுப்பான், அப்போது கூப்பிடுங்கள். அவனுடைய இரவுச் சாப்பாட்டையும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மதியத்துக்கு மேல் உங்களுக்குக் காபி வேண்டாம்.

தினம் ஒருமுறை போடும் ரத்த அழுத்த மாத்திரையைப் புதிய நேரப்படியே போடலாம், ஒரு மணி நேரம் பாதிக்காது. இன்சுலின், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2008-ல் வெளியான சுவீடன் ஆய்வு, இந்த மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடியதைக் காட்டியது. அதனால் அந்த வாரம் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் தூக்கக் குறைவு என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று. இரண்டு வாரம் கழித்தும் காலையில் தலை பாரம் தொடர்ந்தால், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருப்பது சகஜம். அப்படியானால் குற்றம் கடிகாரத்தின் மேல் இல்லை, தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.